கடற்றொழில் பாடம்

நாகேஸ்வரி கதிரையில் இருக்க மறுத்து வகுப்பறை வாசலிலேயே நின்றாள். "கடலைப் படிப்பிக்கவோ ரீச்சர், நாங்கள் பிள்ளையளை இங்கை விடுறம்? என்ரை பெடியன்ரை தேப்பனை அந்தக் கடல்தானே விழுங்கினது."

கமலாவதி தன் முன்னிருந்த பாடத்திட்டத்தைப் பார்த்தாள். ஊர்த்தொழில் ஒன்றுக்குப் பள்ளிக்கூடமே பாடத்திட்டம் எழுதிக்கொள்ளலாம் என்று எழுபத்திரண்டில் வந்த புதுமுறை. காங்கேசன்துறைக்குப் பக்கத்துக் கரையூரில் வேறென்ன தொழில்? அவளுடைய கணவர் பஞ்சலிங்கம் மாஸ்டர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவர் அந்தக் கரையில் பிறந்தவர். அவள் உரும்பிராய்ச் செம்மண் தோட்டக்காரர் மகள். வலைக்கண்ணின் அளவு, நீரோட்டம், எந்த மாதம் எந்த மீன் என்று வரிக்கு வரி பேனையை நிறுத்தி அவரைக் கேட்பாள். "எனக்குத் தெரிஞ்சதை நானே எழுதினால் பாதியை விட்டிடுவன். நீர் கேளும், அப்பதான் அது பாடமாகும்" என்பார். திட்டம் ஏற்கப்பட்ட மாதமே நெஞ்சுவலியில் அவர் போய்விட்டார். இப்போது அவளுக்கு மிஞ்சிய ஆசை ஒன்றுதான்: அவர் சொன்ன சொற்களை ஒரு வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து சொல்ல ஒருதரம் கேட்கவேண்டும்.

"மாஸ்டர் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பன்," என்றாள் நாகேஸ்வரி. "அவர் படிச்சுத்தானே கடலை விட்டவர். என்ரை பெடியனும் விடட்டும்."

கமலாவதி பாடத்திட்டத்தை மடித்தாள். "ஓம், மாத்துவம்," என்றாள். குரல் யாருடையதோ போலிருந்தது.

அவள் போய்ச் சொன்னதும் தலைமையாசிரியர் செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்தி எதைப் படிப்பிக்கிறது?"

"வெங்காயம், சேர்."

"இந்த உப்பு மணலிலையோ? அந்த வெங்காயத்திலை உப்புப் போடாமலே கறி வைக்கலாம், ரீச்சர்."

பாத்தி கட்டுதல், நடுகை, இறைப்பு, களையெடுப்பு. புதுத் திட்டம் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. யாரையும் எதையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நடுவில் இரண்டொரு தரம், தெரிந்ததையே தெரியாதவள்போல் பேனையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள்.

மணலில் பரப்பச் செம்மண் வேண்டுமென்று அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள். கரையூராரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் வீட்டுப் படலை மிதியாத அண்ணன் முத்துக்குமாரு, இரண்டாம் தவணை தொடங்கிய கிழமை மாட்டுவண்டியோடு தானே வந்தார். இறங்கவில்லை. "எங்கை கொட்டிறது, பிள்ளை?" என்று மாடுகளைப் பார்த்தபடி கேட்டார். அவள் கையால் காட்டினாள்.

பிள்ளைகள் கூடை கூடையாய்ச் சுமந்து வெள்ளை மணலில் பரப்பினார்கள். மண் பறக்காதிருக்க நாகேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்தாள். நனையாத பக்கத்திலிருந்து சிவப்புத் தூள் எழும்பி, வேலியைக் கடந்து, கரையில் காய்ந்த வலைகளுக்கு மேலால் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.