கோல்கீப்பர் மனைவி ஆட்டம் பார்க்க வந்த கதை

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு விளையாட்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். எண்பதுகளில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடந்த உள்ளூர் கால்பந்து லீக் பற்றி, படிக்க இனிமையாக, இரண்டு பக்கம். நான் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்தவன். பந்தை உதைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கே ஆட்டம் என்று விசாரித்து, பஸ் பிடித்துப் போய், வெயிலில் நின்று பார்த்துவிட்டு வருகிறவன். அதனால் என்னைக் கேட்டார்கள்.

இப்படித் தொடங்கினேன்:

‘அந்த மைதானங்களில் புல் கிடையாது, நெருஞ்சி உண்டு. இரண்டு சவுக்குக் கழிகளை நட்டு, மேலே ஒரு கழியைக் கயிற்றால் கட்டினால் கோல் கம்பம். ஓரக் கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள். அந்தக் கோட்டை ஒட்டி—’

அதற்கு மேல் போகவில்லை. அந்தக் கோட்டை ஒட்டி பொன்னி நின்றுகொண்டிருந்தாள்.

வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன். டீக்கடையிலிருந்து, ரேடியோவிலிருந்து, மழையில் நின்றுபோன ஓர் ஆட்டத்திலிருந்து. எப்படிப் போனாலும் இரண்டாவது பத்தியில் அவள் வந்து நின்றுவிடுகிறாள். மலர்க்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். இனிமையானது வேண்டும் என்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2

முதலில் செத்தவனைப் பற்றி.

வெங்கடாசலம் விழுப்புரம் லோகோ ஷெட்டில் கூலிக்கு எஞ்சின் சாம்பல் வாரியவன். ஜங்ஷன் லெவன் என்ற குழுவுக்குக் கோல்கீப்பர். உயரம் குறைவு, ஆனால் தைரியசாலி. கையுறை இல்லாமல், முழங்கையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டு பாய்வான். நெருஞ்சித் தரையில் அப்படிப் பாய்கிறவனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எண்பத்து நான்கில், விழுப்புரத்தில், ஜங்ஷன் லெவனுக்கும் திண்டிவனம் ஸ்டார் கிளப்புக்கும் ஆட்டம். ஸ்டார் கிளப்பின் முன்கள ஆட்டக்காரன் பெரியதம்பி, ஓமந்தூர்ப் பையன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம். இடைவேளைக்குப் பிறகு அவன் பந்தோடு ஓடி வந்தான். வெங்கடாசலம் கம்பத்தை விட்டு வெளியே வந்து காலடியில் பாய்ந்தான்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

[முதல் வரைவில் பார்த்ததாகத்தான் எழுதினேன்: ‘பந்தைக் கைகளுக்குள் சுருட்டிக்கொண்டவனின் வயிற்றில் பெரியதம்பியின் முழங்கால் இறங்கியது.’ நல்ல வாக்கியம். என் கண் பார்க்காத வாக்கியம்.]

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று: விசில் ஊதப்படவில்லை. கூட்டம் உட்கார்ந்தபோது வெங்கடாசலம் எழுந்து நின்றுகொண்டிருந்தான். வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் பந்தை வீசினான். ஆட்டம் முடியும்வரை நின்றான். பிறகு ஒரு சோடா குடித்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனான்.

விடிவதற்குள் இறந்துபோனான். மண்ணீரல் கிழிந்து, ரத்தமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது என்றார்களாம். வழக்கு எதுவும் இல்லை. “ஆட்டம்னா அடி படறது சகஜம்தானே” என்று ஊர் சொல்லிவிட்டது. அடுத்த ஞாயிறு வேறு கோல்கீப்பர் நின்றான்.

3

இப்போது பொன்னி.

வெங்கடாசலத்தின் மனைவி. இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். அரிசி ஆலையில் நெல் காயப்போடுகிற வேலை. அவன் செத்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு மாலை மைதானத்துக்கு வந்தாள். அங்கே வேறு பெண்ணே கிடையாது. ஆலையிலிருந்து நேரே வந்ததால் தலைமுடியில் தவிட்டுத்தூசி. கோட்டுக்கு ஓரமாக நின்று ஆட்டம் முழுவதையும் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த வாரமும் வந்தாள். திண்டிவனத்தில் ஆட்டம் என்றால் திண்டிவனத்துக்கும் பஸ் ஏறி வந்தாள்.

(இவளை நான் நம்பவில்லை. எழுதும்போதே சந்தேகமாக இருந்தது. புருஷனைத் தின்ற மைதானத்துக்கு ஒருத்தி வாரம் தவறாமல் வருவாளா? வாசகர் கேட்பார். ஆகவே அவளை மல்லாட்டை விற்க வந்தவளாக மாற்றினேன். அப்படியானால் காரணம் இருக்கிறது, நியாயமாக இருக்கிறது. ஒரு நாள் முழுக்க அப்படி எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். அவள் எதையும் விற்க வரவில்லை.)

பையன்கள் சும்மா விடவில்லை. “ஏய், கோல்கீப்பரம்மா வந்துட்டாங்கடா” என்பார்கள். ஜங்ஷன் லெவன்காரர்கள் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவளுக்குச் சொந்தக்காரரான பூமாலை ஒரு தடவை மைதானத்துக்கே வந்து, “தாலி அறுத்தவ ஆம்பளைங்க மத்தியில நின்னுக்கினு இன்னாடி பாக்குற? மானம் போவுது” என்று கையைப் பிடித்து இழுத்தார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“ஆட்டம் பாக்குறேன்” என்றாள். அவ்வளவுதான்.

என்னோடு பேசியது ஒரு மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ. நான் தனியாக நிற்பவன், வயதில் மூத்தவன். அதனால் கேட்டிருக்கலாம்.

“சார், இப்ப இன்னாத்துக்கு ஊதுனாரு?”

“அது கைல பட்டுடுச்சும்மா. கைல பட்டா தப்பு.”

“எங்க வூட்டுக்காரரு கையாலதானே புடிப்பாரு?”

“கோல்கீப்பர் மட்டும் புடிக்கலாம்.”

யோசித்தாள். “அப்ப கையில புடிச்சுக்கினு கீறவர உதைக்கலாமா?”

“கூடாது. பவுலு.”

“பவுலுன்னா ஊதுவாங்களா?”

“ஊதணும்.”

“அன்னிக்கு ஊதலையே சார்.”

நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்று இங்கே ஒரு நல்ல பதிலை எழுதிப் பார்த்தேன். நடந்தது வேறு. அதற்குள் கார்னர் கிக் வந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டோம்.

4

அந்தப் பருவம் முழுவதும் அவள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள். ஆஃப்சைடு மட்டும் பிடிபடவில்லை. (எனக்கும்தான்.) எது பவுல், எது இல்லை என்பது நடுவர் ஊதுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். உதடு மட்டும் அசையும்.

எண்பத்து ஐந்தில், திண்டிவனத்தில் ஒரு ஆட்டம். ஏரிக்கரைக்குக் கீழே மைதானம். ஏதோ இரண்டு குழுக்கள். ஒரு கோல்கீப்பர் பந்தைப் பிடித்துவிட்டான், எதிராளி வந்து மோதிவிட்டான். உடனே விசில். ஆட்டம் நின்றது. நாலு பேர் தண்ணீரோடு ஓடினார்கள். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார்கள். அழுத்தி, “இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா” என்று கேட்டார்கள். அவனால் நிமிர முடியவில்லை என்றதும் தூக்கிப்போய் ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள்.

பொன்னி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிக்‌ஷா கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

“விசில் ஊதுனா இதெல்லாம் பண்ணுவாங்களா சார்?”

“ஆமாம்மா. ஆட்டம் நின்னுடும் இல்ல…”

“சட்டைய தூக்கி பாப்பாங்களா?”

நான் தலையாட்டினேன்.

அவள் அப்படியே சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அன்றுதான் அவள் அழுததைப் பார்த்தேன். சத்தமில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, முதுகு மட்டும் குலுங்கியது. அதுவரை அவளுக்கு நியாயம்தான் தெரிய வேண்டியிருந்தது. இப்போது, ஊதியிருந்தால் பிழைத்திருக்கும் உயிர் என்று ஆகிவிட்டது.

[இங்கே ஒரு உவமை எழுதி அடித்துவிட்டேன்.]

5

அடுத்த வாரம் அதே மைதானத்தில் ஸ்டார் கிளப்புக்கு ஆட்டம். பெரியதம்பி ஆடினான். நடுவர் சுப்பராயலு. ட்ரில் மாஸ்டர், கண்டிப்பானவர் என்று பெயர். போன வருஷம் வெங்கடாசலம் அடிபட்ட ஆட்டத்துக்கும் அவர்தான் நடுவர்.

ஆட்டம் முடிந்து, அவர் மரத்தடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பொன்னி நேராகப் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

“சார், அன்னிக்கு எங்க வூட்டுக்காரர உதைச்சது பவுலா இல்லையா?”

அவருக்கு ஆள் புரிந்துவிட்டது. ஷூவைக் கீழே வைத்தார். பதில் சொல்வதற்குள் ஸ்டார் கிளப் செயலாளர் தாண்டவராயன் குறுக்கே வந்தார். நெல் மண்டிக்காரர், தடித்த குரல்.

“ஏம்மா, உனக்கு எத்தினி வாட்டி சொல்றது? சும்மா வந்து வந்து நின்னுக்கினு பேஜாரு பண்றியே. யாருகிட்ட இன்னா பேசறோம்னு பாத்து பேசு. ஜல்தியா கெளம்பு.”

“நான் உங்கள கேக்கலீங்க” என்றாள். “ஊதுற சார கேக்குறேன்.”

சுப்பராயலு சொன்னார்: “ஊதியிருந்தாலும் ஒரு ப்ரீகிக்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல.”

“ஆட்டம் நின்னிருக்கும் இல்ல சார். வயித்த பாத்திருப்பாங்க இல்ல. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருப்பாங்க இல்ல.”

அப்போது பெரியதம்பி பேசினான். அவன் கூட்டத்துக்குள்தான் நின்றிருந்தான், பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு.

“பவுலுதாங்கக்கா.”

“டேய், சும்மா இருடா” என்றார் தாண்டவராயன்.

“பந்து அவரு கையில பூந்துடுச்சு. எனக்குத் தெரிஞ்சுது. கால மடக்கிக்கினு இருந்திருக்கலாம். மடக்கல. கோலு போச்சேன்னு கோவம். வேணும்னுதாங்கக்கா வுட்டேன். சாவாருன்னு நெனைக்கல.”

தாண்டவராயன் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவன் நகரவில்லை. எல்லாரும் சுப்பராயலுவைப் பார்த்தார்கள்.

[முதல் வரைவில் சுப்பராயலு தலை குனிந்து, ‘பவுலுதாம்மா. கூட்டத்துக்குப் பயந்து ஊதல’ என்று சொல்கிறார். அதை எழுதிய இரவு எனக்கு நல்ல தூக்கம். மறுநாள் அடித்துவிட்டேன்.]

அவர் சொன்னது இது:

“நான் கவனிக்கலம்மா. முன்னால ஆளுங்க மறைச்சுக்கினு இருந்தாங்க.”

பொய்யா, மெய்யா, தெரியவில்லை. எனக்கும் ஆட்கள் மறைத்தார்கள். அதனால் அவரைப் பொய்யர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

6

முடிவு.

ஒரு வரைவில் பொன்னி பெரியதம்பியை அறைகிறாள். இன்னொன்றில் ‘போப்பா, நல்லாயிரு’ என்கிறாள். இரண்டையும் படித்த நண்பர் ஒருவர் இரண்டாவதே மனதைத் தொடுகிறது என்றார். தொட்டுவிட்டுப் போகட்டும், அது நடக்கவில்லை.

நடந்தது: பொன்னி அவன் பக்கம் திரும்பினாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏதாவது ஒரு வார்த்தை கிடைக்காதா என்று. திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். அவள் கேட்டாள்:

“உனக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா?”

(‘உங்களுக்கு’ என்றுதான் முதலில் எழுதினேன். எண்பத்தைந்தில், அந்த மைதானத்தில், ஒரு கூலிக்காரி நிலக்காரர் வீட்டுப் பையனிடம் அப்படித்தான் பேசியிருக்க வேண்டும். ‘உனக்கு’ என்றுதான் கேட்டாள். தாண்டவராயனின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.)

“இல்லீங்கக்கா. பேசிக்கினு இருக்காங்க.”

“ஆனதும் அவள ஆட்டத்துக்குக் கூட்டிக்கினு வா” என்றாள் பொன்னி. “பாத்து தெரிஞ்சுக்கட்டும்.”

சொல்லிவிட்டு ஏரிக்கரை மேல் ஏறி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்த மைதானத்துக்கும் அவள் வரவில்லை. சில மாதம் கழித்து ஆலையில் விசாரித்தேன். வேலையை விட்டுவிட்டு புதுச்சேரிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். சுப்பராயலு அதன் பிறகு தொட்டதற்கெல்லாம் விசில் ஊதினார். ஆட்டமே நடக்க விடமாட்டேன் என்கிறார் என்று கேலி செய்தார்கள். அடுத்த வருஷம் கூப்பிடவில்லை. பெரியதம்பி இரண்டு மூன்று ஆட்டம் ஆடினான். கோல்கீப்பர் எதிரே வந்தால் பந்தை விட்டுவிட்டு விலகிப் போனான். பிறகு குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கல்யாணம் ஆயிற்றா, அவளைக் கூட்டி வந்தானா என்று கேட்பீர்கள். தெரியாது. நான் வேலை மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டேன்.

எனக்கு விளங்காதது அந்தக் கடைசி வாக்கியம்தான். அது சாபமா? இன்னொரு பெண்ணுக்கு, முன்பின் தெரியாத ஒருத்திக்கு, செய்த எச்சரிக்கையா? அல்லது, இவ்வளவுக்குப் பிறகும், பையனிடம் சொன்ன ஒரு நல்ல வார்த்தையா? அவள் சொன்ன குரல் எனக்கு மறந்துவிட்டது. வார்த்தைகள் மட்டும் இருக்கின்றன. குரலை நான் எழுதினால் அது என் குரலாகிவிடும்.

ஆகவே, கதையை மூடிவைத்துவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லாதபோது நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: “ஆனதும் அவள ஆட்டத்துக்குக் கூட்டிக்கினு வா. பாத்து தெரிஞ்சுக்கட்டும்.”

உங்கள் வாயில் அது எப்படி வருகிறதோ, அப்படித்தான் இந்தக் கதை முடிகிறது.