மற்றவை என்றொரு நாடு

எங்கள் அரசின் ஆயுத ஏற்றுமதி அறிக்கையை நம்பினால், எங்களிடம் அதிகமாகத் துப்பாக்கியும் குண்டும் வாங்குகிற நாட்டின் பெயர் ‘மற்றவை’. வாங்கியவர்கள் பெயரை எழுதாமல் எல்லாரையும் அந்த ஒரே தலைப்பில் அடைத்திருந்தார்கள். அறிக்கைப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற முதல் வாரமே எனக்கு அது உறுத்தியது. அடியில் கையெழுத்துப் போடப்போவது நானல்லவா!

செயலாளரிடம் போனேன். அலுவலகத்தில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர்.

“பேரைப் போட்டா வாங்குறவங்க கோவிச்சுக்குவாங்கம்மா. வியாபாரம் படுத்துரும்.”

“இதுவரைக்கும் யாரு சார் கோவிச்சுக்கிட்டா?”

“யாரையும் கேட்டதில்ல.”

“அப்ப நான் கேக்குறேன்.”

“தாராளமா கேளுங்க. எல்லைச் சாவடியில ஒரு இடம் காலியா இருக்கு, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாங்கிய அரசுகள் எல்லாவற்றுக்கும் எழுதிக் கேட்டேன். ஏறக்குறைய எல்லாருமே ஆட்சேபணை இல்லை என்றார்கள். பலர் தங்கள் நாட்டு அறிக்கையில் எங்கள் பெயரை எப்போதோ போட்டுவிட்டார்களாம்! அவர்கள் தம்பட்டம் அடித்ததை நாங்கள் எங்கள் மக்களிடம் மட்டும் மூடி மறைத்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது.

ஒரே ஒரு அரசு மட்டும் கூடாது என்றது. தன் மக்களின் ஊர்வலத்தின் மீதே சுடுகிற அரசு அது. தொலைக்காட்சியில் பார்த்து, அன்று சாப்பாட்டை ஒதுக்கி வைத்தவள் நான்.

வீட்டில் கணவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கியிருந்தார்.

“எல்லையில குளிருமாம். கம்பளி எடுத்து வைக்கவா? இல்ல, அந்த ஒரு பேரை விட்டுர்றியா?”

“பேரை விட்டாச்சு. ஆனா, விட்டிருக்கேன்னு அறிக்கையில எழுதாம விடமாட்டேன்.”

புதிய அறிக்கையில் நாடு நாடாகப் பெயர், பொருள், அளவு எல்லாம் இருந்தன. ஒரு வரியில் மட்டும், ‘வாங்கிய அரசு கேட்டுக்கொண்டதால் பெயர் வெளியிடப்படவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் துப்பாக்கி, தோட்டாக்களின் எண்ணிக்கையைப் போட்டிருந்தேன்.

செயலாளர் முகம் சுண்டிப்போனது. “இதை மற்றவைன்னே போட்டுருங்களேன்.”

“ஒத்தை ஆளை எப்படி சார் மற்றவைன்னு சொல்றது? நீங்க சொன்ன மாதிரி, கோவிச்சுக்கிட்டவங்க பேரை நான் போடல.”

அறிக்கை அப்படியே நாடாளுமன்றக் குழுவுக்குப் போனது.

குழுவின் தலைவி பக்கங்களை மளமளவென்று புரட்டி, அந்த வரியில் விரலை வைத்தார். “இது யாரு?”

அமைச்சர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் என்னைப் பார்த்தார்.

“அதைச் சொல்ற அதிகாரம் அமைச்சருக்குத்தான் இருக்கு,” என்றேன்.

அமைச்சர் தண்ணீர் குடித்தார். பிறகு பெயரைச் சொன்னார். மாலைக்குள் அந்த அரசுக்கு ஆயுதம் விற்கும் உரிமம் நிறுத்தப்பட்டது.

வீட்டு வாசலில் கணவர் பெட்டியோடு நின்றார். “மாற்றல் வந்துருச்சா?”

“வரல. வந்தா காரணம்னு ஒண்ணு எழுதணும்ல? இனிமே அந்த ஆபீஸ்ல யாரும் ‘மற்றவை’ன்னு எழுத முடியாது. பெட்டியைப் பரண்ல ஏத்துங்க.”