நழுவிய அச்சு

மலைக்கோட்டையின் நிழல் கடைக்குள் மெல்ல ஊறிவந்த நேரம். முத்திரை வெட்டும் என்னிடம் கமர் ஜஹான் ஒரு நயா பைசாவை நீட்டினார். அதில் 1957 இரட்டையாகத் தெரிந்தது.

"அண்ணே, பினாங்குக்குக் கிளம்பின எங்க வீட்டுக்காரர் கையில, பயணக் காப்பா இமாம் ஜாமின்னு, இதே மாதிரி வருஷம் ரெட்டையா விழுந்த காசைத் துணியில முடிஞ்சு கட்டினேன். பத்திரமா சேர்ந்ததும் அதை ஏழைக்குக் கொடுத்துடணும். நாலு நாளாச்சு, கப்பல் இன்னும் நடுக்கடல்லதான் இருக்கும். இது இன்னிக்குப் பூக்காரி கொடுத்த சில்லறையில வந்துச்சு. இப்படிக் காசு நிறைய இருக்குமா?"

புதையல் என்று காசைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை விரட்டிவிடுவேன். இவரை முடியவில்லை. லென்ஸுக்கடியில் எண்கள் அலைமேல் மிதப்பதுபோல ஆடின. அச்சிலேயே எண் இரட்டித்திருந்தால் இரண்டாவது எண்ணும் புடைத்து நிற்கும். அந்த அச்சில் அடிக்கிற ஆயிரம் காசும் அப்படியே வரும். இதுவோ படிபோலத் தட்டையாகக் கிடந்தது.

"அடிக்கும்போது அச்சு நழுவியிருக்கும்மா. அச்சு அசலா இன்னொண்ணு இருக்காது."

காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அப்போ பத்திரமா சேர்ந்துட்டாரு," என்றார். "இந்த ஊர்ல எந்த வீட்டுக்குன்னுதான் தெரியலை."