காணாமல் போன எட்டு மாதம்

கோப்பில் எட்டு மாதம் இல்லை. வெர்னா மூன்றாவது முறையாகத் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"பதினேழு மாசந்தான் வருது, டீகன்."

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அரசு பிள்ளைகளை ஒப்படைக்கும் வளர்ப்பு வீடுகளிலிருந்து வெளியே வந்தவர்களுக்கென்று ராக்ஹாம்ப்டன் நகரில் ஒதுக்கும் குடியிருப்பில் அவளுக்கு ஓர் அறை காத்திருந்தது. இரண்டு வருடம் அரசுப் பராமரிப்பில் இருந்ததற்கு நாளை மாலைக்குள் அத்தாட்சி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் காருக்குள்தான் தூக்கம். அப்படிப்பட்ட காகிதங்களைத் தேடிக் கொடுப்பது வெர்னாவின் வேலை.

"எட்டு மாசத்த அரசாங்கம் முழுங்கி ஏப்பம் விட்டுடுச்சாக்கும்," டீகன் சிரித்தாள்.

"அப்ப நீ எங்க இருந்தேன்னு ஞாபகம் இருக்கா கண்ணு?"

"மறக்குமா? ஏழு வயசு. மவுண்ட் மார்கன் போற வழியில, மரக்காலு மேல நிக்கிற வீடு. வாசல்ல துருப்பிடிச்ச தண்ணித் தொட்டி. நாய்ங்களுக்குத் தீனி வெச்சு, கூண்டு கழுவணும். படுக்கையும் வீட்டுக்கு அடியில, அதுங்களோடதான்."

வெளியே வானம் கருத்து நின்றது. அந்தத் தொட்டியை வெர்னா பார்த்திருக்கிறாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளும் குழந்தைகளை வளர்ப்பு வீடுகளில் சேர்க்கும் அரசு அலுவலகத்தில்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு குழந்தைக்கு இடம் கிடைக்காவிட்டால், சம்மதிக்கிற ஏதோ ஒரு வீட்டில் சனி, ஞாயிறுக்கு விட்டுவிடுவார்கள். அப்போதைக்குப் பதிவு என்று ஒரு மஞ்சள் சீட்டுதான். கணினியில் ஏற்றுவது திங்கட்கிழமை வேலை. திங்கட்கிழமை புதிதாக நாலு குழந்தைகள் வந்து நிற்கும். எல்லோரும் செய்ததால் அது தப்பாகவே தெரியவில்லை. பல மாதம் கழித்து, அந்தத் தொட்டி வீட்டில் விட்ட குழந்தையின் சீட்டு கையில் அகப்பட்டபோது, குழந்தை எப்போதோ வேறு இடம் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கிழித்துப் போட்டாள்.

"யாரு உன்னைய அங்க விட்டது?" கேட்காதே என்று மனம் அடித்துக்கொண்டது. வாய் கேட்டுவிட்டது.

"ஒரு பொம்பள. செவப்பு முடி. நான் அழுதேன்னு மாம்பழம் நறுக்கிக் குடுத்தாங்க, நல்லவங்கதான். அந்த வீட்டு ஆளு இருக்கானே, தெனமும் சொல்லுவான், 'ஒன் பேரு எந்தக் காகிதத்துலயும் இல்ல குட்டி. செத்தாலும் யாரும் தேட மாட்டாங்க'ன்னு. காய்ச்சல் வந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போயிட்டான்."

நரைத்துப்போன தன் முடியை வெர்னாவின் கை தானாகத் தொட்டது. இவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பேசினால் வேலை போகும், வழக்கும் வரும். ஓய்வுக்கு இன்னும் நாலே மாதம். இந்த நேரத்திலும் இப்படி யோசிக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அப்ப அறை கெடைக்காதா?" டீகனின் குரலில் கிண்டல் போயிருந்தது.

"ஒரு வழி இருக்கு. அங்க கொண்டு விட்டவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டா ஏத்துக்குவாங்க."

"அவங்கள எங்க போயித் தேட?"

வெர்னா சாட்சிப் படிவத்தை எடுத்தாள். தேதி, முகவரி, அந்த ஆளின் பெயர், தான் கிழித்த சீட்டு, எல்லாவற்றையும் தடுமாறாமல் எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள்.

டீகன் படித்தாள். மறுபடியும் படித்தாள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது. அவள் நிமிர்ந்து வெர்னாவின் முடியையே பார்த்தாள்.

"திங்கக்கிழம வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே," என்றாள்.