விளக்கு கீறுமா?

பதினொரு வருடமாக நாணயங்களைப் படம் எடுக்கிறேன். எனக்கு விளக்கு வைக்கத் தெரியாது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை லக்ஷ்மிநாராயணன் சொன்னார். அதுவும் என்னிடம் நேரில் சொல்லவில்லை. புனே நாணயச் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில், இருநூறு பேர் முன்னால், இங்கிலீஷில் எழுதினார்: எஸ்தரின் விளக்கு என் விக்டோரியா ரூபாயில் கீறல் போட்டுவிட்டது. சங்கத்தின் கண்காட்சி மலருக்காக அந்தக் காசை நான் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் அப்படி எழுதினார். அரை மணியில் சங்கச் செயலாளர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைத் தீர்க்காவிட்டால் கண்காட்சி மலருக்கு வேறு ஆள் படம் எடுப்பாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்கு கீறுமா? அது என்ன கத்தியா?

மறுநாள் காலையே கேமராவையும் இரண்டு விளக்குகளையும் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு, பிம்ப்ரியிலிருந்து பாணேரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சாவித்ரி எனக்குக் காபி கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"காசு பளபளன்னு இருக்கு. உன் போட்டோல மட்டும் எப்படிக் கோடு வரும்?" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"பளபளன்னு இருக்கிறதுதான் சார் சந்தேகம். நூறு வருஷத்துக்கு மேல ஆன வெள்ளி கருத்துல்ல போயிருக்கணும்?"

சாப்பாட்டு மேஜையில் காசை வைத்தேன். முதலில் இரண்டு பக்கமும் விளக்கை உயர்த்தி, முன்னால் பட்டர் பேப்பரைக் கட்டினேன். வெளிச்சம் மெத்தென்று பரவியது. லேப்டாப் திரையில் ராணியின் முகம் வழவழவென்று வந்தது. லக்ஷ்மிநாராயணன் முகமும் மலர்ந்தது.

பிறகு ஒரு விளக்கை அணைத்தேன். மற்றதன் காகிதத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அதை மேஜை மட்டத்துக்குத் தாழ்த்தி ஒரு பக்கத்திலிருந்து அடித்தேன். ராணியின் கன்னத்திலும் கழுத்திலும் வட்ட வட்டமாக நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் எழுந்து நின்றன. விரலால் தேய்த்த கோடுகள்.

"இல்லாததை விளக்கு காட்டாது சார். இருக்கிறதை மறைக்கத்தான் அதுக்குத் தெரியும்."

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்ப மறைச்சே எடு. முதல்ல எடுத்தியே, அது மலர்ல வரட்டும்."

"குரூப்ல எழுதினீங்களே, அது?"

"அதை எதுக்கு இப்பக் கிளறறே?"

என் பெயரை ஊரெல்லாம் நாறடித்துவிட்டு, பெட்டிக்கடையில் சில்லறை மாற்றச் சொல்வதுபோல் சொல்கிறார். விளக்கைக் கழற்றத் தொடங்கினேன்.

"நான்தான் தேய்ச்சேன்" என்றார் சாவித்ரி.

இரண்டு பேரும் திரும்பினோம்.

"வரலக்ஷ்மி நோன்புக்குக் கலசத்துல போடற காசு. அதைக் கருப்பாவா போடறது? வருஷா வருஷம் விபூதி போட்டு நன்னாத் தேய்ச்சுத்தான் போடறேன்."

எங்கள் வீட்டில் விபூதி கிடையாது. எனக்கு எப்படித் தோன்றும்? அந்த மெல்லிய சாம்பலே பழைய வெள்ளிக்கு உப்புத்தாள்தான்.

"என் கலெக்ஷன்ல உன்னை யார் கை வைக்கச் சொன்னா?" என்று கத்தினார் லக்ஷ்மிநாராயணன்.

"உங்க கலெக்ஷனா? கல்யாணத்தப்போ எங்காத்துல என் மடியில கட்டி அனுப்பின காசுன்னா அது. நோன்பு முடிஞ்சா எடுத்து உங்க ஆல்பத்துல வெச்சுக்கறேள். பளபளப்பை எல்லார்கிட்டயும் காட்டிப் பெருமை அடிச்சுண்டது நீங்க. தேய்ச்சது நான்."

மேஜையில் அந்த வாட்ஸ்அப் குழு திறந்தபடியே அவர் போன் கிடந்தது. சாவித்ரி அதை எடுத்து, தன் உடைந்த இந்தியில் பேசி அனுப்பினார். நான் சாவித்ரி, அந்தக் காசு என்னுடையது, கீறியதும் நான்தான், எஸ்தரின் விளக்கு இல்லை. லக்ஷ்மிநாராயணன் கையை நீட்டுவதற்குள் அது போய்விட்டது.

பிறகு சாவித்ரி என்னிடம் கேட்டார். "கோடு தெரியற படமே இருக்கட்டும். படத்துக்குக் கீழே யார் பேரு போடுவே?"

லேப்டாப்பை இழுத்து, லக்ஷ்மிநாராயணன் சேகரிப்பு என்று இருந்ததை அழித்தேன். "இங்கிலீஷ்ல உங்க பேரை எப்படி எழுதுவீங்க மாமி?"

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.