ஆறாவது சொட்டு

பழப்பொடி தயாரிக்கும் அந்தச் சின்னத் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் சொட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். பரிசோதனை அறையில் நாள் முழுக்க அயோடின் சொட்டுகளை எண்ணுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். வாடகை அறையில் தனி வாசம். ஞாயிறு வாய் திறக்காமலே கழிந்துவிடும். திங்கள் காலை முதல் வார்த்தை பேசும்போது குரல் கரகரக்கும்.

உலர்த்தும் அறை அக்கா மட்டும்தான் மதியம் அவளோடு உட்காருவாள். அடிபட்ட கொய்யாவில் நல்ல பக்கமாக நறுக்கி அவளிடம் தள்ளுவாள். இந்த வாரம் அக்கா சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிடு. வரலேன்னா மண்டையில ஒண்ணு போடுவேன்."

இரண்டு வருடத்தில் முதல் அழைப்பு. சொட்டு வியாழனன்றே நல்ல உடையைத் துவைத்து மடித்துவிட்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அக்கா கொய்யாப் பொடியைக் கொண்டுவந்து வைத்தாள். காலையில் ஏற்றிய துண்டுகள். சூடு கூடினால் சத்து அழியும் என்பதால், ஐம்பது டிகிரியில் ஞாயிறு மதியம்வரை காய வேண்டியவை.

"அதுக்குள்ளயா அக்கா?"

"என்னமோ சீக்கிரம் காஞ்சிருச்சு."

சொட்டு பொடியைக் கரைத்து, மாவுக்கரைசல் சேர்த்து, அயோடினை இறக்கினாள். வைட்டமின் சி தீரும்வரை நீலம் நிற்காது. நல்ல பொடி இருபது சொட்டாவது தாங்கும். இது ஆறிலேயே நீலமாகி நின்றது. மறுபடியும் ஆறு. மூன்றாம் முறை கெஞ்சுகிறவளைப் போல அயோடின் குழாயை மெதுவாகத் திருகினாள். ஆறு.

"எவ்வளவுல வச்சீங்க?"

"எம்பது." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கும் நான் இங்கயே தட்டைத் திருப்பிக்கிட்டிருந்தா, நீ வந்து யார்கூட சாப்பிடுவே? உனக்காகத்தான் சூட்டை ஏத்தினேன்."

சொட்டு சோதனை முடிவு எழுதும் தாளை முன்னால் இழுத்தாள்.

"இதைத் தின்னு யாராவது செத்தா போயிடுவாங்க?"

"சாகமாட்டாங்க. டப்பா மேல எழுதியிருக்கறது உள்ள இருக்காது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே? கையெழுத்தைப் போடு."

சொட்டு 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அப்படி எழுதினால் மறுநாளே புதுப் பழம் ஏற்றியாக வேண்டும்.

அக்கா தாளை நிதானமாகப் படித்தாள். "உனக்குப் பேசத்தான் வராதுன்னு நெனச்சேன். எழுத நல்லாவே வருது."

ஞாயிறு காலை சொட்டு உலர்த்தும் அறைக்குப் போனாள். அக்கா மட்டும் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் காயவே வைக்கல. அதுக்குள்ள சோதிக்க வந்துட்டியா?"

"நறுக்க வந்தேன்."

அக்கா அடுத்த பழத்தை எடுத்தாள். சொட்டு தானே ஒரு கத்தியைத் தேடி எடுத்து, தள்ளி உட்கார்ந்தாள். இரண்டு கத்திகளின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கூடை தீர்ந்தது. இரண்டாவதும் பாதியானது.

"மெல்லிசா நறுக்கு," என்றாள் அக்கா, தலை நிமிராமல். "தடியா இருந்தா காயாது."

"சரிக்கா," என்றாள் சொட்டு. அவள் குரல் கரகரத்தது.