பாடு மட்டும்தான் இருந்தது

நான் கமுதிக்காரன். எங்கள் பக்கம் மிளகாய் விளையும், பருத்தி விளையும். மீன் கருவாடாகத்தான் வந்து சேரும். அப்படிப்பட்டவன் கடலைப் பற்றிக் கதை எழுதினான்.

கதை என் மாமனார் இமானுவேலைப் பற்றியது. பாம்பன்காரர். புயலில் படகு உடைந்தபின் இரவல் வள்ளத்தில் தனியாகப் போய், வெறும் வலையோடு திரும்பி, அன்றோடு கடலை விட்டவர். அவர் மகள் ஜெனோவாவை நான் காதலித்துக் கட்டியதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ராமநாதபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் படியை மிதித்ததும் இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். பெயரை மட்டும் மாற்றி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். படிக்கிறவர்களைவிட எழுதுகிறவர்கள் அதிகமுள்ள இதழ், அந்தத் தைரியம்தான்.

வெறும் வலை என்று எங்குமே எழுதாமல், கடைசி வரியில் மட்டும் அது புரியும்படி தூக்கம் கெட்டுச் செதுக்கியிருந்தேன்: ‘பொழுது சாய அவர் கரைக்கு வந்தபோது, வள்ளத்தில் பாடு மட்டும்தான் இருந்தது.’

எங்கள் ஊரில் பாடு என்றால் படுகிற கஷ்டம். என் அய்யா அதைப் படித்துவிட்டு மருமகளுக்குப் போன் போட்டு, பயல் அங்கன சோத்துக்குச் சிரமப்படுகிறானா என்று விசாரித்தார். மறுநாள் பஸ்ஸில் ஓர் அரிசி மூட்டை வந்தது. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் சன்மானம்.

அதற்குள் யாரோ கதையைப் போட்டோ எடுத்து பாம்பன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ஜெனோவா அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“அப்பா வெறுங்கையா வந்ததை வீட்டுல கூடப் பேசுனதில்ல. உங்ககிட்ட மட்டும் சொன்னதை நீங்க அச்சுல போட்டு ஊருக்கே சொல்லிட்டீங்க. இனிமே அவுக எனக்கும் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமனாரே வந்து நின்றார். பின்வாசல் இல்லாத வீட்டை வாடகைக்குப் பிடித்த என் புத்தியை நொந்துகொண்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“படிச்சேன் மாப்பிள்ளை,” என்றார். “நான் வெறுங்கையா வந்ததைத்தான் எல்லாவனும் பேசுவான். நீங்க ஒருத்தர்தான் வள்ளத்துல பாடு போட்டு அனுப்பியிருக்கீக.”

அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கரையில் பாடு என்றால் கடலில் அகப்பட்ட மீன். நான் கஷ்டத்தை ஏற்றி அனுப்பிய மனிதர், மீனோடு கரை சேர்ந்திருக்கிறார். ஜெனோவாவும் பாம்பனில் பிறந்தவள்தான். ஆனால் அவளுக்கு அந்த நாளும் தெரியும், என் சோகப் பித்தும் தெரியும். ஆகவே கஷ்டம் என்றே படித்திருந்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

“என்ன மீனுன்னு மட்டும் எழுதாம விட்டுட்டீக,” என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். “நெத்திலி, மாமா.”

அவர் குலுங்கிச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“அந்த வலைக்கண்ணுல நெத்திலி நிக்குமா மாப்பிள்ளை? சீலா. முழுக்கச் சீலா.”

பிறகு அவரே சொன்னார். காற்று எந்தப் பக்கம் திரும்பியது, வலை எப்படிக் கனத்தது, கரையில் யார் யார் வாயைப் பிளந்தார்கள் என்று ஒவ்வொன்றாக. நடக்காத அந்த நாளை அவர் சொல்லச் சொல்ல, என் கதையை முதல்முறையாக நானே கேட்டுக்கொண்டிருந்தேன். நான் எழுதியதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. எனக்குத் தெரியாமல் போன ஓர் அர்த்தத்துக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

“அப்புறம் மாமா?”

“அப்புறமென்ன, பசிக்குது. சோறு போடச் சொல்லுங்க.”

ஜெனோவா அடுப்படிக்கு ஓடினாள். அய்யா அனுப்பிய அரிசிதான் உலையில் கொதித்துக்கொண்டிருந்தது.